சிறுத்தை, சிவிங்கி, காட்டுப்பூனை: சேலம், சேர்வராயன் மலைப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலையடிவாரத்தில் காடு கரை வைத்திருப்பவர்கள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்பவர்கள், டேனிஷ்பேட்டை, மேட்டூர், கொளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று: இது என்ன மிருகம், குட்டியை என்ன செய்வது, ஆட்டை எப்படிக் காப்பது. குட்டியைப் பற்றிய பதில்கள்தான் இங்கே நீளமானவை. நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகள் அங்கேதான் அதிகம்.

"சீட்டா வந்துடுச்சு" என்கிறார்களே, சேலத்தில் சீட்டா உண்டா?

இல்லை. இங்கே வருவது சிறுத்தை. சிலர் சிறுத்தைப்புலி என்பார்கள், மலையில் வெறுமனே புலி என்றே சொல்பவர்களும் உண்டு. சீட்டா என்பது வேறு இனம். தமிழில் அதற்குச் சிவிங்கி, சிவிங்கிப்புலி என்று தனிப்பெயரே இருக்கிறது. செய்திகளில் இரண்டையும் "சிறுத்தை" என்று எழுதுவதால்தான் இந்தக் குழப்பம்.

பார்த்தால் பிரித்துவிடலாம். சிவிங்கியின் உடலில் இருப்பவை மை தொட்டு வைத்தது போன்ற முழுக் கரும்புள்ளிகள். கண்ணின் உள்மூலையிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போல ஒரு கறுப்புக்கோடு இறங்கும். நெடுங்கால், ஒட்டிய வயிறு, சிறிய தலை. சிறுத்தையின் புள்ளிகளோ நடுவில் வெளிறி, ஓரம் உடைந்து, பூப்போலக் கொத்துக்கொத்தாக இருக்கும். அது மரம் ஏறும், கொன்ற ஆட்டையும் தூக்கிக்கொண்டு ஏறும்.

இந்தியாவின் கடைசிச் சிவிங்கிகள் என்று கருதப்படும் மூன்று, 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியாவில் சுடப்பட்டன. 1952இல் இந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. இப்போது மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இருப்பவை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவையும் அவற்றின் வாரிசுகளும்.

அப்படியானால் நம் பக்கம் கண்ணில் படக்கூடிய பூனை இனங்கள் எவை?

பெரியது சிறுத்தை ஒன்றுதான். கருஞ்சிறுத்தை தனி இனமில்லை, நிறம் மட்டுமே வேறு.

சிறியவற்றில் அதிகம் தட்டுப்படுவது காட்டுப்பூனை. பழந்தமிழில் இதற்கு வெருகு என்று பெயர். வீட்டுப் பூனையைவிடக் கால் நீளம், வால் குட்டை, காது நுனியில் சிறு கறுப்பு மயிர்க்கற்றை, உடலில் புள்ளி கிடையாது, மண் நிறம். பெயரில்தான் காடு. அது வாழ்வதெல்லாம் கரும்பு, மக்காச்சோளம், ஏரிக்கரைக் கோரை, கரட்டுப் புதர். முக்கிய உணவு எலி. வயல் எலியை விடாமல் பிடிக்கும் இந்தப் பிராணியை, எப்போதோ தூக்கிய ஒரு கோழிக்காக அடித்துக் கொல்வது விவசாயிக்கே நட்டம்.

துரும்பன் பூனை உலகின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. வளர்ந்ததே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான் இருக்கும். முதுகில் துருநிறப் புள்ளி வரிசை, நெற்றியில் வெள்ளைக் கோடுகள். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. தென்னிந்தியாவில் வறண்ட இலையுதிர் காடும் பாறைக் குன்றும் அதற்குப் பிடித்த இடங்கள். இதைப் பலர் நாட்டுப் பூனைக்குட்டி என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறார்கள்.

காப்பித் தோட்டத்தில் இரவில் பழம் தின்னும் மரநாயும், புனுகுப்பூனையும் பூனை இனம் அல்ல. அவை வேறு குடும்பம். கீழே சொல்லும் உணவு முறை அவற்றுக்குப் பொருந்தாது.

ஆட்டை அடித்தது சிறுத்தையா, நாயா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கழுத்தைப் பாருங்கள். சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை அடக்கும். அங்கே நான்கு ஆழமான பல் ஓட்டைகள் இருக்கும், உடலின் மற்ற இடங்களில் கடி குறைவு. நாய்கள் கூட்டமாக வந்து தொடை, பின்கால், வயிறு என்று பல இடங்களில் கிழிக்கும். தோல் நார்நாராகத் தொங்கும். தோலை உரித்துப் பார்த்தால் சதைக்குள் ரத்தக் கட்டு பல இடங்களில் தெரியும்.

அடுத்தது தடம். பூனை இனங்கள் நடக்கும்போது நகம் உள்ளே இருக்கும், ஆகவே தடத்தில் நகக்குறி விழாது. நாயின் தடத்தில் விழும். அடிப்பாதத்தின் பின்விளிம்பு பூனைக்கு மூன்று மடிப்பு, நாய்க்கு இரண்டு. சிறுத்தைத் தடம் ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஈர மண்ணில் கால் வழுக்கியிருந்தால் தடம் பெரிதாகத் தோன்றும், எனவே ஒரே தடத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது. பக்கத்தில் ஒரு அளவுகோலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். ஆள் மிதித்துவிடாதபடி மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.

கரும்பு வெட்டும்போது குட்டிகள் கிடந்தன. தாயைக் காணோம். என்ன செய்வது?

வெட்டை நிறுத்துங்கள். குட்டியைத் தொடாதீர்கள். பத்துப் பேரும் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவே.

தாய் பெரும்பாலும் பக்கத்து வயலிலேயே பதுங்கியிருக்கும். ஆள் சத்தமும் அரிவாள் சத்தமும் அடங்கும்வரை வராது. காட்டுப்பூனையும் சரி, சிறுத்தையும் சரி, குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வித்தான் இடம் மாற்றும். ஆகவே ஒற்றைக் குட்டி கிடந்தால் அது கைவிடப்பட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த நடைக்கு அது காத்திருக்கக்கூடும். "அநாதைக் குட்டி" என்று மீட்கப்படுபவற்றில் பல, உண்மையில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை.

காட்டுப்பூனைக் குட்டி என்றால், அவை கிடக்கும் இடத்தைச் சுற்றிக் கரும்பை ஒரு திட்டாக வெட்டாமல் விட்டுவிட்டு, வயலின் மறுகோடியில் வேலையைத் தொடருங்கள். திட்டிலிருந்து ஓடைக்கோ வரப்புப் புதருக்கோ ஒரு பக்கமாவது மறைவு இருக்கட்டும். நான்கு பக்கமும் வெட்டவெளியானால் தாய் பகலில் வராது. நாய்களைக் கட்டிப்போடுங்கள். பெரும்பாலும் ஓரிரு இரவில் இடம் காலியாகிவிடும். கரும்புச் சோகையைக் கொளுத்துவதாக இருந்தால் அதற்கு முன் வயலை ஒரு முறை நடந்து பாருங்கள்.

சிறுத்தைக் குட்டி என்றால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். சேர்வராயன் வடக்கு, தெற்கு என்று இரு வனச்சரகங்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குரிய வனவர், வனக்காப்பாளரின் கைபேசி எண்ணை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாவிட்டால் 112ஐ அழைத்தால் தகவல் போய்ச் சேரும்.

வனத்துறை குட்டியைத் தாயோடு சேர்க்கும் முறை மகாராஷ்டிரத்தின் ஜுன்னர்க் கரும்புப் பகுதியில் பலமுறை கைகொடுத்திருக்கிறது. குட்டியைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் காயம், உண்ணி, நீர்வற்றல் பார்ப்பார். பொழுது சாயும்போது, கண்டெடுத்த அதே இடத்தில், காற்றுத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் குட்டியை வைப்பார்கள். மூடி பூட்டாமல் இருக்கும். குட்டியால் ஏறி வெளியே போக முடியாது, தாயால் தட்டிக் கவிழ்க்க முடியும், அந்த அளவுதான் கணக்கு. தானியங்கிக் கேமரா வைத்துவிட்டு அத்தனை பேரும் விலகிவிட வேண்டும். முதல் இரவு தாய் வராவிட்டால், விடிந்ததும் குட்டியை எடுத்துப் பாலும் சூடும் கொடுத்து, மறுநாள் மாலை அதே இடத்தில் திரும்ப வைப்பார்கள்.

இது தோற்பதற்குக் காரணங்கள் மூன்று: இடத்தை மாற்றி வைப்பது, வேடிக்கை பார்க்கக் கூட்டம் காத்திருப்பது, முதல் இரவோடு நம்பிக்கை இழப்பது. மனித வாசனை பட்டால் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. ஆனாலும் தொற்று நோய்க்காகக் கையுறை கட்டாயம்.

தாய் செத்துக் கிடக்கிறது. வனத்துறை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை குட்டிக்கு என்ன கொடுப்பது?

முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில்தான் பால். இந்த வரிசை மாறினால் குட்டி செத்துப்போகும்.

உடல் குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. பால் உள்ளே தேங்கிப் புளிக்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள வேண்டும். கண் திறக்காத குட்டி என்றால் பத்து, பன்னிரண்டு நாளுக்கு உட்பட்டது. அதற்குப் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் தேவை. ஏற்காட்டின் மார்கழி இரவில் இது தானாக வராது. பல்பைத் தொங்கவிட்டுச் சூடேற்றினால் தோல் வெந்துவிடும்.

வாய்க்குள் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் நிலை வந்த பிறகு, ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலை உடல் சூட்டில், 100 கிராம் எடைக்கு 2 மில்லி வீதம், ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். குட்டி குப்புறப் படுத்து, தலை சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரும். மீட்பு மையத்துக்கு வந்து சேரும் குட்டிகளிடம் அடிக்கடி காணும் பாதிப்பு இது.

இரண்டு மணி நேரத்துக்கு இது போதும். பசும்பால் வேண்டாம். அதன் லாக்டோஸ் வயிற்றைப் போக்கும், புரதமும் பூனைப் பாலில் உள்ளதில் பாதிகூட இல்லை. ஆட்டுப்பாலும் இதற்கு விலக்கல்ல. நீண்ட நேரம் ஆகும் என்றால் கால்நடை மருத்துவர் சொல்லும் பூனைக்குட்டிப் பால்மாவுதான். ஒரு நாளைக்கு மொத்தம் உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம், ஒரு வேளைக்கு 100 கிராமுக்கு 4 மில்லிக்கு மேல் போகக் கூடாது. 200 கிராம் குட்டிக்கு நாளொன்றுக்கு 40 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 5 மில்லி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூன்று வாரம் ஆகும்வரை குட்டியால் தானாகச் சிறுநீர், மலம் கழிக்க முடியாது. தாய் நக்கித்தான் கழிக்க வைக்கும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் கழிக்கும் இடத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும்.

மடியில் வைத்துக் கொஞ்சுவதும் படம் எடுப்பதும் வேண்டாம். பெட்டியை மூடி, இருட்டாக, அமைதியாக வையுங்கள். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு போவதும் சரியல்ல. குட்டிக்கு நோய் இருந்தால் அங்குள்ள விலங்குகளுக்குப் பரவும். முதலில் வனத்துறையிடம் சொல்லுங்கள், எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

மீட்பு மையத்தில் வளரும் குட்டிக்கு நல்ல கறியே கொடுத்தும் கால் வளைந்து முறிகிறதே, ஏன்?

எலும்பில்லாத கறி "நல்ல கறி" இல்லை என்பதுதான் விடை. வெறும் சதையில் ஒரு கிலோவுக்குப் பாஸ்பரஸ் சுமார் 2 கிராம் இருக்கும், சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) 0.1 கிராம்தான். வளரும் பூனைக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, சுண்ணாம்பு சற்றுக் கூடுதலாக வேண்டும். கறியில் கிடைக்காத சுண்ணாம்பை உடல் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். ஒரு மாதத்துக்குள் குட்டி நொண்டும், கட்டிலிலிருந்து குதித்தாலே தொடை முறியும். சிவிங்கி, சிறுத்தை, காட்டுப்பூனை எல்லாவற்றுக்கும் இது பொது.

கணக்கு எளிது. கிலோ கறிக்குச் சுமார் 2.4 கிராம் கால்சியம் சேர வேண்டும். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம். ஆகவே கிலோவுக்கு ஏறக்குறைய 6 கிராம் தூளைக் கொத்துக்கறியில் நன்றாகப் பிசைய வேண்டும். மேலே தூவினால் குட்டி நக்காமல் ஒதுக்கிவிடும். எட்டு வாரம் ஆனதும் முழு இரையே சிறந்தது: காடை, கோழிக்குஞ்சு, எலி. எலும்பு, ஈரல், குடல், மயிர் எல்லாம் ஒரே கணக்கில் உள்ளே போய்விடும். இதயமும் ஈரலும் சேராத உணவில் டாரின் என்ற சத்து குறைந்து கண்ணும் இதயமும் கெடும். ஈரலை அளவுக்கு மீறிக் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து முதுகெலும்பு இறுகும். வாரத்துக்கு மொத்த உணவில் இருபதில் ஒரு பங்கு ஈரல் போதும்.

தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஏறாவிட்டால் ஏதோ தவறு நடக்கிறது.

கூண்டைக் கழுவ ஃபினாயில் போதுமா?

வேண்டவே வேண்டாம். பீனால் வகை மருந்துகளைச் செரிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் கிடையாது. பாதத்தில் பட்டதை நக்கினாலே நஞ்சு. பாரசிட்டமாலும் அப்படியே, அரை மாத்திரை ஒரு காட்டுப்பூனையைக் கொன்றுவிடும். முதலில் சோப்புநீரால் அழுக்கு முழுவதையும் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி உலரவிடுங்கள். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் பூனைப் பார்வோ கிருமி சாகாது. புதிதாக வந்த குட்டியை முப்பது நாள் தனியே வைத்து, அதற்கென்று தனி வாளி, தனித் துடைப்பம் வைக்க வேண்டும்.

வளர்ந்த குட்டியை எப்போது விடுவிக்கலாம்?

காட்டுப்பூனையும் துரும்பன் பூனையும் கையில் வளர்ந்தாலும் திரும்பக் காட்டுக்குப் போக வாய்ப்பு உண்டு. அதற்கு ஆரம்பத்திலிருந்தே ஒருவர் மட்டும், பேசாமல், உணவை ஆள் தெரியாதபடி வைக்க வேண்டும். ஒற்றைக் குட்டியைவிட அதே இனத்துக் குட்டி இன்னொன்றோடு சேர்ந்து வளர்ந்தது நன்றாகத் தேறும். எட்டு, பத்து மாதத்தில், தானாக இரை பிடிக்கிறது, மனிதரையும் நாயையும் கண்டால் ஒளிகிறது, நோய்ச் சோதனை சரியாக இருக்கிறது என்ற மூன்றும் உறுதியானால், கண்டெடுத்த பகுதிக்கே கொண்டுபோய் அங்கே தற்காலிக அடைப்பில் இரண்டு மூன்று வாரம் வைப்பார்கள். பிறகு கதவைத் திறந்து விட்டுவிட்டு, அது உணவுக்குத் திரும்பி வருவதை நிறுத்தும்வரை வெளியே உணவு வைப்பார்கள். பெட்டியிலிருந்து நேராகக் காட்டில் கொட்டிவிட்டு வருவது விடுவிப்பு ஆகாது.

கையில் வளர்ந்த சிறுத்தையை விடக்கூடாது. மனிதன் மேல் பயமில்லாத சிறுத்தை பசித்தால் வீட்டுக் கதவுக்குத்தான் வரும். அதனால்தான் தாயோடு சேர்ப்பதை இவ்வளவு வலியுறுத்துகிறோம். அந்த ஒரு மாலையைத் தவறவிட்டால் அதன் எஞ்சிய வாழ்க்கை கூண்டில்தான்.

நாங்களே வளர்த்தால் என்ன?

சட்டம் இடம் தராது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கு அரசின் உடைமை. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். சிறுத்தை முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

ஆட்டுப்பட்டியைச் சிறுத்தை நுழையாதபடி எப்படிக் கட்டுவது?

பெரும்பாலான பட்டிகள் ஒரே இடத்தில் தோற்கின்றன: கூரை. சுற்றிலும் நல்ல இரும்பு வலை போட்டிருப்பார்கள், மேலே தென்னங்கீற்று. சிறுத்தை மூன்று மீட்டர் உயரம் தாவும். கீற்றைப் பிரித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். இறங்கிய பிறகு ஆடுகள் மிரண்டு முட்டி மோதும், அந்தக் கலவரத்தில் அது ஒன்றோடு நிற்காமல் பத்தையும் கடித்துப் போடும். பசியால் கொன்றது ஒன்று, மற்றவை பட்டியின் குறையால் செத்தவை.

இருபது ஆடுகளுக்கு, ஆடு ஒன்றுக்குப் பன்னிரண்டு சதுர அடி வீதம், 12க்கு 20 அடி போதும். எட்டு அடிக்கு ஒரு இரும்புக் குழாய்த் தூண், அடியில் கான்கிரீட். சுவருக்கு 10 கேஜ், இரண்டு அங்குலக் கண் சங்கிலி வலை. வலையின் அடிப்பகுதி ஒரு அடி மண்ணுக்குள் புதைய வேண்டும், அல்லது இரண்டடி உயரத்துக்குக் கல் கட்டி அதில் பதிக்க வேண்டும். கூரைத் தகரத்துக்கு அடியிலும் அதே வலையை இழுத்துக் கட்டுங்கள். சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் அடிக்கு ஒரு கட்டுக்கம்பி. கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். அப்போது வெளியிலிருந்து தள்ளினால் இன்னும் இறுகும். மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள், கதவின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது.

பட்டியைச் சுற்றி முப்பது அடிக்குப் புதரை வெட்டுங்கள். நாயையும் இரவில் வலைக்குள் கட்டுங்கள். வெளியே கட்டிய நாய்தான் பல ஊர்களில் சிறுத்தையை வாசலுக்கு அழைத்து வருகிறது. கறிக்கடைக் கழிவை ஓடையில் கொட்டினால் தெருநாய் பெருகும், அதன் பின்னால் சிறுத்தை வரும். கோழிக்கூண்டுக்கு முக்கால் அங்குல வெல்டு வலை போதும்.

ஆடு போய்விட்டது. நிவாரணம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் உடல் கிடந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நகர்த்தாமல் படமெடுத்து, அன்றே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல் தயாராக வையுங்கள். புதைத்துவிட்டுப் போய்க் கேட்டால் நிரூபிக்க வழியில்லை. உடலில் பூச்சிமருந்து தடவுவது குற்றம். அதைத் தின்று கழுகும் கீரியும் உங்கள் ஊர் நாயும்கூடச் சாகும்.

கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துக் காட்டில் விட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

மக்கள் கேட்கும் முதல் கோரிக்கை இது. பயத்தில் கேட்பது நியாயமும்கூட. ஆனால் அனுபவம் எதிராக இருக்கிறது. ஜுன்னரில் 2001 முதல் சிறுத்தைகளைப் பெரிய அளவில் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17ஆக உயர்ந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பழகிய இடத்தில் எந்த வீட்டில் நாய், எந்த வழியில் ஆள் நடமாட்டம் என்று அதற்குத் தெரியும், ஒதுங்கிப் போகும். தெரியாத இடத்தில் விட்டால் தன் ஊரைத் தேடி ஊர் ஊராக நடக்கும். காலியான இடத்துக்கு வேறொரு இளம் சிறுத்தையும் வரும். 2011இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் இடமாற்றத்தைத் தவிர்க்கவே சொல்கிறது.

கூண்டும் காயமில்லாத வழி அல்ல. கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொண்ட சிறுத்தையால் பிறகு மானைப் பிடிக்க முடியாது, எளிதான ஆட்டைத்தான் தேடும். கூண்டில் விழுந்ததும் முதலில் செய்ய வேண்டியது தார்ப்பாயால் முழுக்க மூடுவது. கண்ணுக்கு ஆள் தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

சிறுத்தை கிணற்றில் விழுந்துவிட்டது.

நம் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு ஏராளம். தகவல் சொல்லிவிட்டு, ஒரு கயிற்றுக் கட்டிலையோ மரக்கட்டையையோ நான்கு மூலையிலும் கயிறு கட்டி மெல்ல இறக்குங்கள். நீந்திக் களைத்தது அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவசரம் அதோடு தீர்ந்தது. தண்ணீரில் இருப்பதற்கு மயக்க ஊசி போட்டால் மூழ்கிச் சாகும். கூட்டத்தை விலக்கிவிட்டு, நீண்ட ஏணியோ கிளையுள்ள மரமோ சாய்த்து வைத்தால் இரவில் தானே ஏறிப் போய்விடும். ஊருக்கு நடுவில் இருக்கும் கிணறு என்றால் வனத்துறை கூண்டை இறக்கித் தூக்கும். அடுத்த விபத்தைத் தடுக்க மூன்றடிச் சுற்றுச்சுவர் கட்டுங்கள்.

பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டிக்கொண்டது. கம்பியை வெட்டிவிட்டால் போதாதா?

போதாது. பைக் கிளட்ச் கம்பியில் செய்த சுருக்கு இடுப்பில் இறுகியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே தசை நசுங்கியிருக்கும். கம்பியை அவிழ்த்ததும் நசுங்கிய தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். துள்ளி ஓடியது சில நாளில் புதரில் செத்துக் கிடக்கும். மயக்கம் கொடுத்து வெட்டி, சிரை வழி நீர் ஏற்றி, சிறுநீர் தெளியும்வரை பல நாள் கண்காணிப்பில் வைத்த பிறகே விட வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி.

அருகே போகாதீர்கள். கம்பி எந்த நொடியும் அறுந்துவிடலாம். பயிரைப் பன்றியிடமிருந்து காக்க வேண்டும் என்பது உண்மையான தேவைதான். அதற்குச் சுருக்கு, அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி, மின் கம்பத்திலிருந்து நேரடியாக இழுத்த கம்பி எதுவும் சட்டப்படி வழியல்ல. பன்றி, சிறுத்தை, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்று அவை ஆள் பார்ப்பதில்லை.

காட்டுப்பூனை கீறிவிட்டது. ஊசி தேவையா?

தேவை. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், தசையில் போட்டால் 14ஆம் நாளும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும்.

குனோவைப் போல சேர்வராயனிலும் சிவிங்கி விட முடியுமா?

முடியாது. சிவிங்கிக்கு வேண்டியது ஓட வெட்டவெளியும் மான் கூட்டமும். செங்குத்தான சரிவு, காப்பித் தோட்டம், சந்துக்கு ஒரு குடியிருப்பு என்றிருக்கும் மலை சிறுத்தைக்குத்தான் பொருந்தும்.

குனோவிலிருந்து கற்க வேண்டியது உண்டு. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 வந்தன. 2023 மழைக்காலத்தில் சில சிவிங்கிகள் கழுத்துப் பட்டைக்கு அடியில் புண் வந்து, புழு வைத்து, ரத்தத்தில் நஞ்சேறி இறந்தன. நமக்கு ஆடி மாதம், அவை வந்த ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு அது குளிர்காலம். அவற்றின் உடல் பழைய பருவக் கணக்கிலேயே தடித்த மயிரை வளர்த்துக்கொண்டது. அந்த மயிரும் பட்டையும் ஈரத்தைப் பிடித்து வைத்தன. அதே ஆண்டு மே வெயிலில் ஒரு தாயின் மூன்று குட்டிகள் இறந்தன. பிழைத்த ஒன்றைப் பராமரிப்பாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். ஓர் இனத்தை இழந்தபின் திரும்பக் கொண்டுவருவதற்கு விமானமும் கோடிகளும் பல உயிர்களும் தேவைப்படுகின்றன. நம் கரட்டிலுள்ள துரும்பன் பூனைக்கு இப்போதைக்கு வேண்டியது கொளுத்தாத புதரும், தடுப்பூசி போட்ட தெருநாயும்தான்.

இரவில் ஏற்காடு மலைப்பாதையில் சிறுத்தை குறுக்கே வந்தால்?

வண்டியை நிறுத்தி, விளக்கை மங்கலாக்கி, என்ஜினை அணைக்காமல் காத்திருங்கள். ஹாரன் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அது கடந்து போன பிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள், குட்டி பின்னால் வரக்கூடும். பைக்கில் இருந்தால் குனியாதீர்கள், திரும்பி ஓடாதீர்கள், முகத்தை அதன் பக்கமே வைத்துப் பின்னால் நகருங்கள். படம் எடுத்திருந்தால் வனக்காப்பாளருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் எந்த வளைவு என்று போட்டால், விடிவதற்குள் அங்கே ஐம்பது வண்டி நிற்கும்.